ஜே.ஆர்.எஃப் பணம் எங்கே நிற்கிறது?

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப் வாங்கிய முனைவர் பட்ட ஆய்வாளருக்குப் பல்கலைக்கழக மானியக் குழு முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் தருகிறது. பிறகு எஸ்.ஆர்.எஃப் ஆனால் 42,000. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகைதான். வீட்டு வாடகைப்படியும் கன்டின்ஜென்சியும் தனி. கௌரவமான தொகை, சந்தேகமில்லை. ஆனால் சம்பளம்போல மாதம் தவறாமல் வரும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

டெல்லி ஒதுக்கிய பணத்தை நகர்த்துவது உங்கள் பல்கலைக்கழக அலுவலகம். அந்த மாதம் நீங்கள் ஆய்வில் இருந்தீர்கள் என்று ஓர் ஊழியர் இணையதளத்தில் பதிய வேண்டும். மேலே ஓர் அதிகாரி ஒப்புதல் தர வேண்டும். இருவரில் ஒருவர் அசந்தாலும் தொகை நிலுவையில் விழும். எனவே "டெல்லியிலிருந்தே வரலப்பா" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். எந்த மாதம்வரை ஒப்புதல் போயிருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள். வங்கியையும் பாருங்கள்: ஆதார் வழியே அனுப்பும் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்கே போகும். கல்லூரிக் காலத்தில் தொடங்கி மறந்துபோன கணக்கில் அது தூங்கிக்கொண்டிருக்கலாம்.

எஸ்.ஆர்.எஃப் உயர்வும் தானாக வராது. வெளி வல்லுநர் ஒருவரும் அடங்கிய மூவர் குழு உங்கள் ஆய்வை மதிப்பிட்டுப் பரிந்துரைக்க வேண்டும். 2 ஆண்டு முடியும் முன்பே கைடிடம் நினைவுபடுத்துங்கள். ஒரே காலத்தில் இரண்டு உதவித்தொகை வாங்கினால் திருப்பிக் கட்ட நேரும்.

யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் ஒன்று உண்டு. கையெழுத்துக்காக உதவித்தொகையில் பங்கு கேட்கும் நெறியாளர்கள். வைவா அன்று பிரியாணியும் பரிசுப்பொருளும் 'வழக்கம்' என்று பழகிவிட்ட வளாகங்களில் இது குற்றமாகவே தெரிவதில்லை. ஆனால் 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டப்படி பல்கலைக்கழக ஆசிரியரும் பொது ஊழியரே. லஞ்சம் வாங்கினால் 3 முதல் 7 ஆண்டுவரை சிறை. கொடுக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் சட்டம் அவரைத் தண்டிக்காது. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போவது இன்னும் நல்லது. கையும் களவுமாகப் பிடிக்க அவர்களுக்கு வழி தெரியும். பட்டம் கைடின் கையில் இருக்கும்போது இதைச் செய்வது எளிதல்ல. அதனால்தான் வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய சான்று எதையும் அழிக்காதீர்கள்.

லஞ்சமில்லாத வெறும் தாமதத்துக்கு வேறு வழி. 2023-இல் மானியக் குழு கொண்டுவந்த விதிகள், உதவித்தொகை தராததையும் தாமதப்படுத்துவதையும் மாணவர் குறையாகவே கருதுகின்றன. பல்கலைக்கழகத்தின் மாணவர் குறைதீர் குழுவிடம் மனு கொடுங்கள்; 15 வேலை நாட்களில் அது அறிக்கை தர வேண்டும். முடிவு பிடிக்கவில்லையென்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மனுவோடு 10 ரூபாய்க்கு ஒரு தகவல் உரிமை விண்ணப்பமும் போடுங்கள். "ஏன் பணம் தரவில்லை?" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். "என் உதவித்தொகைக்கான மாதாந்திர ஒப்புதல் எந்தெந்தத் தேதியில் பதியப்பட்டது? பதிவின் நகல் தருக" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குள் பெரும்பாலும் அந்த ஒப்புதல் போய்ச் சேர்ந்திருக்கும்.