மூன்று தலைமுறையும் ஒரு கப்பலும்

பாட்டன், பாட்டி, பெற்றார், தளர்நடைக் குழந்தை எனக் குடும்பம் முழுவதும் உல்லாசக் கப்பலேறும்போது, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சக் கைகள் பலவுண்டு. ஆபத்து வேளையில் தூக்கவேண்டிய கை யாருடையது என்பது முன்னரே முடிவாதல் வேண்டும்.

1912இல் ரைற்றானிக் மூழ்கியதன் பயனாக, 1914இல் சர்வதேசக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கை பிறந்தது. இன்றைய விதிப்படி, 24 மணிநேரமோ அதற்கு மேலோ நீளும் பயணத்தில், கப்பலிலுள்ள ஒவ்வொரு சிசுவுக்கும் தனி உயிர்காப்பு அங்கி இருத்தல் வேண்டும். 15 கிலோகிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்குரியது அது. 2012இல் கொஸ்ற்றா கொன்கோடியா பாறையில் மோதியபோது, அன்று ஏறிய பயணிகளுக்கு ஒன்றுகூடற் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஆகவே, புறப்படுமுன்னரோ புறப்பட்டவுடனோ அதனை நடத்துதல் 2015 முதல் கட்டாயமாயிற்று.

குழந்தை உறங்குகிறதெனப் பயிற்சியைத் தவிர்த்தல் தவறு. அங்கி அணிவிப்பவர், குழந்தையைச் சுமப்பவர், முதியோரின் கைபிடிப்பவர் யார் யாரென அன்றே வகுத்துக்கொண்ட குடும்பம், அச்சமின்றிக் கடலழகைக் காணும்.