இனிஷியலுக்கு ஒரு பெட்டி கிடைக்குமா?

பான் கார்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்தப் பத்து இலக்க எண்ணில் நான்காவது எழுத்து ‘பி’. நீங்கள் கம்பெனி இல்லை, தனிநபர் என்பதற்கான அடையாளம் அது. ஐந்தாவது எழுத்து உங்கள் ‘சர்நேம்’ எந்த எழுத்தில் ஆரம்பிக்கிறதோ அது. நம்மில் பலருக்கு அது நம் பெயரின் எழுத்தாக இருக்காது, அப்பா பெயரின் எழுத்தாக இருக்கும். குடும்பப் பெயரே இல்லாதவர்களிடம் குடும்பப் பெயரைக் கேட்டார்கள். நாமும் அப்பாவைக் கொண்டுபோய் அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம்.

போனில் எந்தப் புது ஆப்பைத் திறந்தாலும் இதே கதைதான். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு பெட்டிகள். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். உங்கள் பெயர் எஸ்.குமார் என்று வைத்துக்கொள்வோம். லாஸ்ட் நேமில் ‘எஸ்’ என்று ஒற்றை எழுத்தை அடித்தால், ‘குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை’ என்கிறது. கூடவே ஒரு புள்ளி வைத்தால், ‘சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதி இல்லை’. காலியாக விட்டால், ‘இது கட்டாயம்’. கடுப்பில் ‘குமார் குமார்’ என்று அடித்துப் பாருங்கள், உடனே பச்சை டிக்! உண்மைப் பெயரைச் சொன்னால் மறுக்கிறது, இல்லாத பெயரைச் சொன்னால் வரவேற்கிறது.

என்னைப் போல சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு எரிச்சல் இரண்டு மடங்கு. பிரவுசரில் அந்தப் பக்கத்தின் கோடிங்கைத் திறந்தால், ‘குறைந்தபட்ச நீளம் 2’ என்ற ஒரு வரி கண்ணெதிரே நிற்கும். நம் திரையில் அதை அழித்துவிடலாம். ஆனால் அனுப்பும்போது சர்வர் அதே காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். திருத்துவது அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. யாரிடம் சொல்வது? ஒருமுறை ஒரு ஆப்பின் புகார்ப் பெட்டிக்குள் போனேன். அது முதலில் கேட்டது, ‘உங்கள் லாஸ்ட் நேம்?’

இது நமக்கு மட்டும் வரும் தொல்லை இல்லை. பேட்ரிக் மெக்கென்சி என்ற புரோகிராமர், பெயர்களைப் பற்றி புரோகிராமர்கள் நம்பும் 40 தவறான விஷயங்களை 2010-லேயே பட்டியல் போட்டார். அமெரிக்கப் பத்திரிகையாளர் கிறிஸ்டோபர் நல் நிலைமை இன்னும் மோசம். கம்ப்யூட்டர் மொழியில் ‘நல்’ என்றால் ‘ஒன்றுமில்லை’ என்று அர்த்தம். பெயரை முழுசாக அடித்த பிறகும் பல தளங்கள் அவரிடம், ‘பெயரை நிரப்பவும்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தன.

ஆனால் நம் பெயருக்குப் பின்னால் கொஞ்சம் வரலாறு இருக்கிறது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானம் போட்டார்கள். பெயருக்குப் பின்னால் சாதியைச் சுமக்காத வழக்கம் தமிழ்நாட்டில் அப்படித்தான் பரவியது. அந்த வால் போன இடம்தான், இன்று ஆப்பில் சிவப்பு நட்சத்திரத்தோடு நிற்கிற காலிப் பெட்டி. அதில் அப்பா பெயரைப் போட்டால் பிரச்னை தீர்ந்ததா? தாத்தா சுப்பிரமணியன், மகன் குமார், மருமகள் மீனா, பேத்தி நிலா. குமாரின் சர்நேம் சுப்பிரமணியன், நிலாவின் சர்நேம் குமார், மீனாவுக்கோ அவர் அப்பா ராமசாமி. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்கள். வெளிநாட்டு ஏர்போர்ட்டில், ‘மிஸ்டர் சுப்பிரமணியன்’ என்று கூப்பிடும்போது குமார் திரும்பிப் பார்க்கப் பழக வேண்டும். செஸ் உலகம் செல்லமாக ‘விஷி’ என்று கூப்பிடுவதும் ஆனந்தின் அப்பா விஸ்வநாதனைத்தான்!

சிரித்துவிட்டுப் போக முடியாத நேரமும் வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்றது. மகள் பிரசவத்துக்கு துபாய் கிளம்பிக்கொண்டிருந்த அத்தை எனக்குத்தான் போன் போட்டார். “ஏன்டா, நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பார்க்கறே? அறுபது வருஷமா எனக்கு இருக்கிறது ஒரே பேரு. இப்ப இன்னொரு பேருக்கு நான் எங்கே போவேன்?” பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. அதுவரை அத்தை வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அமெரிக்க விசாவில் இன்னொரு கூத்து. ஒற்றைப் பெயரை சர்நேம் இடத்தில் வைத்துவிட்டு, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு’ என்று அச்சடிப்பார்கள். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று அர்த்தம்.

ஆதாரில் மட்டும் இந்த வம்பு இல்லை. முழுப்பெயருக்கு ஒரே பெட்டி. நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் அடங்கியிருக்கின்றன. அப்படியிருக்க, ஒரு பீட்சா ஆப்புக்கு எதற்கு இரண்டு பெட்டி? சிக்கல், ஆதாரும் பானும் சந்திக்கும் இடத்தில் வந்தது. இதில் ‘எஸ்.குமார்’, அதில் ‘குமார் சுப்பிரமணியன்’. 2023 ஜூன் 30 கெடுவுக்குள் ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டி இரண்டையும் இணைக்க ஓடியவர்களில், பெயர் பொருந்தாமல் அலைந்தவர்களும் உண்டு.

ஆப்கள் திருந்தும் வரை சில விஷயங்களை நாமே பார்த்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டை மூலமாக வைத்துக்கொண்டு பான், பேங்க், சர்டிஃபிகேட் எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டலைக் கொண்டுவாருங்கள். பான் விண்ணப்பத்தில் பெயரை இனிஷியலாகச் சுருக்கக் கூடாது. ஒற்றைப் பெயர்க்காரர்கள் அதை லாஸ்ட் நேம் கட்டத்தில்தான் எழுத வேண்டும். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே இனிஷியலை விரித்து எழுதுவதா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். விமான டிக்கெட் போடும் முன் அந்த நிறுவனத்தின் ஒற்றைப் பெயர் விதியைப் படித்துவிடுங்கள். சிலர் பெயரையே இரண்டு முறை போடச் சொல்வார்கள், சிலர் வேறு வழி வைத்திருப்பார்கள். டிக்கெட் வந்ததும் ‘குமார்எம்ஆர்’ என்று பெயரோடு ‘மிஸ்டர்’ ஒட்டிக்கொண்டு இருந்தால் பதற வேண்டாம். விமான டிக்கெட்டுகளில் பெயரை அச்சடிக்கும் வழக்கமே அதுதான்.