பெயரிழந்த படங்கள்
காணொளிக் களஞ்சிய மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

குறுந்தொகை கற்பிக்கும் ஆசிரியர், செம்புலப் பெயனீரார் என்னும் பெயரைக் கூறும்பொழுதே அஃது அப்புலவரின் இயற்பெயர் அன்று என்பதையும் சேர்த்துக் கூறுவார். பாட்டு நின்றது, பாடியவர் பெயர் மறைந்தது, பாட்டில் வரும் தொடரே அவருக்குப் பெயராயிற்று. அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் ஆகியோரும் இவ்வாறு பெயர் பெற்றவர்களே. புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்னும் குறிப்புகள் இல்லாதிருந்தால், அவற்றுள் பல யாரைக் குறித்தவை என்பதே இன்று விளங்காது. பொருளைக் காப்பது ஒன்று. பொருளைப் பற்றிய குறிப்பைக் காப்பது மற்றொன்று. பின்னது அழியுமாயின் முன்னது இருந்தும் பயன் குன்றும்.

இவ்வுண்மை ஏட்டுச் சுவடிக்கு மட்டும் உரியதன்று. காணொளிகளைத் தொகுத்து வெளியிடும் குழுக்களுக்கு இன்று நேரும் பெருந்துன்பமும் இதுவே. பத்து மலைத் தைப்பூசத்தை ஆண்டுதோறும் படம் பிடிக்கும் ஒரு குழுவை எண்ணிப் பார்க்கலாம். அங்குள்ள 272 படிகளுக்கும் 2018ஆம் ஆண்டில் பல வண்ணம் தீட்டப்பட்டது. ஆதலின் படிகள் தோன்றும் காட்சியைக் கண்டால், அது வண்ணம் தீட்டுவதற்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்றேனும் சொல்லிவிடலாம். படிகள் தோன்றாத காட்சியில் காவடி எடுப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர்க் குழு என்பதை எவர் சொல்வார்? படம் பிடித்தவர் வேலையை விட்டுச் சென்றபின், வன்தட்டில் எஞ்சுவது எண்களால் ஆன கோப்புப் பெயரே.

இக்குறையைப் போக்க அமைந்ததே ஊடகச் சொத்து மேலாண்மை மென்பொருள். தொழில் வழக்கில் இதனை ‘மீடியா அசெட் மேனேஜ்மென்ட்’ என்பர். சந்தையில் இவ்வகை மென்பொருள்கள் பல உள்ளன. ஒவ்வொன்றும் தன்னையே சிறந்ததெனக் கூறும். அவற்றுள் ஏற்றதைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு?

முதலில் அளவறிதல்

மென்பொருளைப் பார்க்குமுன் குழு தன்னைப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். ஆண்டுக்கு எத்தனை மணி நேரப் படம் சேர்கிறது, எத்தனை பேர் அதனை எடுத்து ஆள்வர், எத்தனை ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கையில் இருத்தல் வேண்டும்.

காணொளியின் பருமனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். படத்தொகுப்பாளர்கள் பெரிதும் கையாளும் புரோரெஸ் 422 எச்.கியூ. என்னும் வடிவில், வினாடிக்கு 25 சட்டங்கள் கொண்ட 4கே படம் மணிக்கு ஏறத்தாழ 332 ஜிகாபைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். மூன்று கேமராக்கள் நான்கு மணி நேரம் ஓடினால் பன்னிரண்டு மணி நேரப் படம்; அதற்கு ஏறத்தாழ 4 டெராபைட் வேண்டும். இஃது ஒரே நாளின் கணக்கு.

இத்துணைப் பெரிய கோப்பைத் தேடுபவர் ஒவ்வொருவருக்கும் அனுப்ப இயலாது. ஆதலின் நல்ல மென்பொருள், மூலப்படத்தினின்று ‘புராக்சி’ எனப்படும் சிறு படியை உண்டாக்கும். வினாடிக்கு 2 மெகாபிட் அளவில் அமைந்த படி ஒரு மணி நேரத்துக்கு 900 மெகாபைட்டே ஆகும். தொகுப்பாளர் சிறு படியைப் பார்த்துக் காட்சிகளைத் தெரிந்துகொள்வார். இறுதியில் மூலம் அதன் இடத்தில் வந்து பொருந்தும். இப்பொருத்தம் பிழையின்றி நிகழ வேண்டுமாயின், மணி, நிமிடம், வினாடி, சட்டம் எனக் காட்டும் ‘டைம்கோடு’ இரண்டிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். குழு கையாளும் படத்தொகுப்பு மென்பொருளில் இச்செயல் தடையின்றி நடைபெறுகிறதா என்பதை நேரில் செய்து பார்த்தே அறிதல் வேண்டும். விற்பவர் காட்டும் மாதிரிப் படத்தைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது.

குறிப்பே உயிர்நிலை

அடுத்து நோக்கற்பாலது குறிப்பு எழுதும் வசதி. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் நகரில் நூலகத்தாரும் கணினி அறிஞரும் கூடி ஆராய்ந்ததன் பயனாக ‘டப்ளின் கோர்’ என்னும் குறிப்பு முறை தோன்றிற்று. தலைப்பு, ஆக்கியோர், பொருள், நாள், மொழி, உரிமை முதலாகப் பதினைந்து கூறுகள் அதில் அமைந்தன. திணையும் துறையும் வகுத்த மரபில் வந்தோர்க்கு இம்முறை புதுமையாகத் தோன்றாது. மென்பொருள் இத்தகைய பொது முறையைத் தழுவி நிற்கிறதா என்றும், குழு தனக்கு வேண்டிய கூறுகளைத் தானே சேர்த்துக்கொள்ள இடம் தருகிறதா என்றும் வினவுதல் வேண்டும்.

கோப்பு முழுமைக்கும் ஒரே குறிப்பு இருந்தால் போதாது. இரண்டு மணி நேர நேர்காணலில் தோட்டப் பள்ளியைப் பற்றிப் பெரியவர் ஒருவர் பேசும் இடம் நாற்பதாம் நிமிடத்தில் இருக்கலாம். அந்த இடத்திலேயே குறிப்பைப் பொருத்தி வைக்க வேண்டும். அப்பொழுதுதான் தேடுவோர் நேராக அங்குச் செல்வர். நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், படிப்பவரின் காலம் வீணாகாமல் காப்பதும் ஒன்று. அவ்விதி புத்தக அடுக்குக்கு மட்டுமன்றிப் படக் களஞ்சியத்துக்கும் பொருந்தும்.

உரிமைக் குறிப்பும் இன்றியமையாதது. இசைக்கு எந்நாள் வரை இசைவு பெறப்பட்டது, படத்தில் தோன்றும் மாணவனின் பெற்றோர் ஒப்பினரா என்பவை படத்துடன் சேர்ந்தே இருத்தல் வேண்டும். மலேசியாவில் 2010ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டிலும் தனியாள் தகவல் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டமையை இங்கு நினைவுகூர்தல் தகும்.

தமிழில் தேட முடியுமா?

தமிழ்க் குழுக்கள் தவறாது வினவ வேண்டியது இது. மென்பொருள் தமிழ் எழுத்தைக் காட்டுவது வேறு. தமிழில் தேடித் தருவது வேறு.

‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தடி’, ‘மரத்தின்’ என்னும் சொற்கள் உள்ள குறிப்புகள் கிடைக்குமா? மகர மெய் கெட்டு அத்துச் சாரியை பெறுதலைப் பள்ளி மாணவன் அறிவான். எழுத்துகளை வரிசையாக ஒப்பிடும் எந்திரம் அறியாது. மேலும், ஒகர உயிர்மெய்யின் துணைக்குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுமாறு யூனிகோடு விதி கூறுகிறது. அவ்விதியைப் பின்பற்றாத மென்பொருளில் ‘கொடி’ என்று தேடுபவருக்குப் பாதிக் கொடிகளே கிடைக்கும்.

பழைய பட்டியல்களை உடைய குழுக்களுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கெனத் தனிக் குறியீடு கொண்டிருந்தன. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் கூடிய தமிழ்நெட் மாநாடுகள் இக்குழப்பத்தைத் தீர்க்க வழி தேடின. அக்காலத்துப் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றாமல் அப்படியே புது மென்பொருளில் ஏற்றினால் பொருளற்ற குறிகளே தோன்றும்.

பேச்சைத் தானே எழுத்தாக்கும் ஆற்றலும் முகங்களை இனங்காணும் ஆற்றலும் இன்று பல மென்பொருள்களில் உள்ளன. இவை பெருந்துணை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் எந்திரம் தடுமாறுதல் இயல்பு. அது தருவது முதற்படி. திருத்தி உறுதி செய்ய வேண்டியவர் மனிதரே.

காத்தல் வேறு, அட்டவணை வேறு

மென்பொருள் வாங்கிவிட்டால் படங்கள் காக்கப்பட்டுவிட்டன எனக் கருதுவது பிழை. பல மென்பொருள்கள் அட்டவணையை மட்டுமே வைத்திருக்கும். படமோ வேறிடத்தில் இருக்கும். 1998ஆம் ஆண்டில் பிக்சார் நிறுவனத்தார் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தை ஆக்கிக்கொண்டிருந்தபொழுது, தவறாக இடப்பட்ட ஓர் ஆணையால் அதன் கோப்புகளுள் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் படிகளும் பழுதாய் இருந்தன. பணியாளர் ஒருவர் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்த படியே அவர்களைக் காத்தது.

தற்செயலை நம்பி இருத்தல் கூடாது. மூன்று படிகள், இரு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்பது துறையறிந்தோர் வகுத்த நெறி. படியெடுக்கும்பொழுது ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பெண்ணைக் கணித்து, மூலத்தின் எண்ணோடு ஒப்பிடும் மென்பொருளே ஏற்றது. ஒரு சிறு கூறு மாறினும் அவ்வெண் மாறும். பிழை உடனே வெளிப்படும்.

ஒரு பெரிய தோல்வி

பணம் மிகுதியாகச் செலவிட்டால் எல்லாம் கைகூடும் என்று எண்ணுவோர்க்குப் பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனத்தின் வரலாறு பாடமாகும். நிகழ்ச்சி ஆக்குவோர் தம் மேசையிலிருந்தே பழைய படங்களைத் தேடி எடுத்துத் தொகுக்க வகை செய்யும் பெருந்திட்டத்தை அந்நிறுவனம் 2008இல் தொடங்கிற்று. முதலில் வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. 2009இல் தன் பொறுப்பிலேயே எடுத்துக்கொண்டது. 2013 மே மாதத்தில் திட்டமே கைவிடப்பட்டது. ஏறத்தாழ 98 மில்லியன் பவுன் வீணாயிற்று.

மறு ஆண்டு தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, நிர்வாகத்தார் திட்டத்தை உரியவாறு கண்காணிக்கவில்லை என்பதை எடுத்துக்காட்டியது. அதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. திட்டம் வளர்ந்த ஆண்டுகளில் நிகழ்ச்சி ஆக்குவோர் வேலை நின்று காத்திருக்கவில்லை. சந்தையில் கிடைத்த எளிய கருவிகளைக் கொண்டு அவர்கள் தத்தம் வழியே சென்றனர். ஆள்வோர் விரும்பி ஏற்காத கருவி எத்துணை விலையுடையதாயினும் வெறுங்கூடே. சிறு குழுவுக்கும் இது பொருந்தும்: எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முனையாமல், ஒரு நிகழ்ச்சியின் படங்களைக் கொண்டு தொடங்குதலே அறிவுடைமை.

வெளியேறும் வழி

புதுமனை வாங்குவோர் வாயிலைப் பார்ப்பர். களஞ்சிய மென்பொருள் வாங்குவோர் புறக்கடை வாயிலைப் பார்த்தல் வேண்டும். ஆப்பிள் நிறுவனம் ‘பைனல் கட் சர்வர்’ என்னும் இவ்வகை மென்பொருளை 2008இல் விற்பனைக்கு விட்டது, 2011இலேயே நிறுத்திவிட்டது. பெரிய நிறுவனத்தின் பெயர் நீண்ட ஆயுளுக்கு உறுதியாகாது.

ஆதலின், எழுதிய குறிப்புகள் யாவற்றையும் சி.எஸ்.வி. அல்லது எக்ஸ்.எம்.எல். போன்ற பொது வடிவில், நேரக் குறியீடுகள் சிதையாமல் வெளியே எடுக்க இயலுமா என்பதைப் பணம் கட்டுமுன்னரே செய்து பார்த்துக்கொள்ளல் வேண்டும். இணையச் சேமிப்பில் படங்களை வைப்போர் மற்றுமோர் கணக்கையும் போடுதல் நலம். மேலே கூறிய 4 டெராபைட்டை வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் திரும்ப இறக்க ஏறத்தாழ 89 மணி நேரம் ஆகும். திரும்ப எடுப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்குவோரும் உளர். மாதக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுபவர் இதனைக் காணத் தவறுவர்.

தேர்வு வைக்கும் முறை

மாணவனுக்குத் தேர்வு வைப்பதுபோல் மென்பொருளுக்கும் தேர்வு வைத்தல் வேண்டும். குழுவின் சொந்தப் படங்களுள் நூறு காட்சிகளை எடுத்து ஏற்றுக. தமிழில் குறிப்பு எழுதுக. இரண்டு வாரம் கழித்து, அக்காட்சிகளை முன்னர்க் கண்டிராத புதியவர் ஒருவரை அமர்த்திப் பத்துக் காட்சிகளைத் தேடி எடுக்கச் சொல்க. அவர் எத்தனை கண்டார், எத்துணை நேரத்தில் கண்டார் என்பதே மதிப்பெண். பின்னர்க் குறிப்புகள் அனைத்தையும் வெளியே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து படிக்க. இரண்டிலும் தேறிய மென்பொருள்களுள் விலை குறைந்ததைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

இவ்வளவும் செய்தபின்னும் ஒன்று எஞ்சும். குறிப்பை எழுதுவோர் யார்? படம் வந்த நாளிலேயே ஊரும் பேரும் ஆண்டும் எழுதி வைக்க ஒருவர் பொறுப்பேற்காவிடின், எந்த மென்பொருளும் பயன் தராது. அப்பணிக்கு வேண்டுவது கணினிப் பட்டம் அன்று. பெயர்களைப் பிழையின்றி எழுதும் தமிழறிவும், ஊரையும் மக்களையும் அறிந்த பழக்கமுமே. பள்ளி விழாக்களும் தோட்டத்து முதியோரின் பேச்சும் நாள்தோறும் படமாகி வரும் இந்நாளில், அவற்றில் தோன்றும் முகங்களுக்கு உரிய பெயரைச் சொல்ல வல்லவர் இன்று உளர், நாளை இரார். அவர் இருக்கும்பொழுதே கேட்டு எழுதினாலன்றி, வருங்காலத்தார் அம்மனிதரையும் படத்தில் கண்ட சட்டையையோ குடையையோ கொண்டே பெயரிட்டு அழைக்க நேரும்.