பட்டதாரிகள் பட்ட கடன்

பட்டமளிப்பு விழா முடிந்து, அங்கியைக் களைந்துவிட்டு மண்டபத்தை விட்டு வெளியேறும் இளைஞர், தமக்கும் தாம் பயின்ற பல்கலைக்கழகத்துக்கும் இருந்த தொடர்பு அன்றோடு முடிந்தது என்று எண்ணுவதுண்டு. உண்மை அதுவன்று. மாணவர் என்னும் நிலை மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கே உரியது. பழைய மாணவர் என்னும் நிலையோ வாழ்நாள் முழுமைக்கும் உரியது.

பழைய மாணவர் சங்கங்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல உள்ளன. அவை வெளியிடும் செய்தி மடல்களைப் புரட்டினால், இன்னார் பதவி உயர்வு பெற்றார், இன்னாருக்கு விருது கிடைத்தது, ஒன்றுகூடல் விருந்து சிறப்பாக நடந்தது என்னும் செய்திகளே மிகுதியாக இருக்கக் காண்கிறோம். அவை மகிழ்ச்சிக்குரிய செய்திகளே. ஆயினும் பழைய மாணவர் சங்கம் என்பது இவ்வளவுதானா? இதற்கு விடை காண வேண்டுமானால் நம் நாடுகளின் உயர்கல்வி எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

பழைய மாணவரைக் குறிக்க மேலை நாட்டார் வழங்கும் ‘அலும்னஸ்’ என்னும் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. ‘ஊட்டி வளர்க்கப்பட்டவர்’ என்பது அதன் பொருள். அவர் பயின்ற கழகத்தை ‘ஊட்டி வளர்க்கும் தாய்’ என்று அம்மொழியினர் அழைத்தனர். நம் அகப்பாடல்களைக் கற்றவர்க்கு இக்கருத்து புதிதன்று. அங்கே நற்றாய் என்றும் செவிலித்தாய் என்றும் இருவர் வருவர். ஈன்றவள் நற்றாய். பாலூட்டிச் சோறூட்டிச் சீராட்டி வளர்த்தவள் செவிலி.

பல்கலைக்கழகம் நமக்குச் செவிலி. அப்படியானால் நற்றாய் யார்? அந்தப் பல்கலைக்கழகம் தோன்றுவதற்குப் பொருள் கொடுத்த பொதுமக்களே நற்றாய். அவர்களுள் பெரும்பாலோர் அதன் படிக்கட்டை மிதித்ததும் இல்லை. பழைய மாணவர் சங்கங்கள் செவிலியை நினைக்கின்றன. நற்றாயை மறந்துவிடுகின்றன. இதுவே இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விரும்பும் குறை.

1905 இல் இட்ட வித்து

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உயர்கல்வியின் தொடக்கம் 1905 ஆம் ஆண்டாகும். அதற்கு முந்திய ஆண்டு செப்டம்பரில், டான் ஜியாக் கிம் என்னும் சீன வணிகரின் தலைமையில் பல இனத் தலைவர்களும் சேர்ந்து, மருத்துவப் பள்ளி ஒன்று வேண்டுமென்று ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சனிடம் விண்ணப்பம் செய்தனர். அதற்கான பணத்தை மக்களே திரட்டித் தரவேண்டுமென்று அரசாங்கம் நிபந்தனை விதித்தது. கேட்ட தொகை 71,000 வெள்ளி. மக்கள் திரட்டிக் கொடுத்ததோ 87,077 வெள்ளி. அதில் 12,000 வெள்ளி டான் ஜியாக் கிம் அளித்ததாகும்.

1905 ஜூலை 3 ஆம் நாள், சிப்பாய் லைன்ஸ் பகுதியில் பெண் மனநோயாளர் இல்லமாக இருந்த பழைய கட்டடத்தில் 23 மாணவர்களோடு அப்பள்ளி தொடங்கியது. அவர்களுள் 1910 இல் படிப்பை முடித்துத் தேறியவர் எழுவரே. 1916 இல் அப்பள்ளியின் பட்டயத்தைப் பிரித்தானிய மருத்துவ மன்றம் ஏற்றுக்கொண்டது. 1921 இல் பள்ளி என்னும் பெயர் மாறி, ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரி என்று ஆயிற்று.

கலைக்கும் அறிவியலுக்கும் உரிய ராபிள்ஸ் கல்லூரியின் கதையும் இதுவே. சிங்கப்பூர் நிறுவப்பட்ட நூற்றாண்டின் நினைவாக 1919 இல் அதற்கான எண்ணம் உருப்பெற்றது. மனாசே மேயர் என்னும் யூத வணிகரும், ஊய் தியோங் ஹாம் என்னும் சர்க்கரை வணிகரும் ஆளுக்கு 1,50,000 வெள்ளி வழங்கினர். 1928 இல் புக்கித் தீமாவில் வகுப்புகள் தொடங்கின. இவ்விரு கல்லூரிகளும் 1949 அக்டோபர் 8 ஆம் நாள் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. கொடுத்தவர்கள் தம் மக்களுக்கு மட்டும் என்று கொடுக்கவில்லை. சீனர் கொடுத்த பணத்தில் தமிழரும் யூரேசியரும் படித்தனர். யூதர் கொடுத்த மண்டபத்தில் மலாய்க்காரரும் அமர்ந்து பாடம் கேட்டனர்.

ஒரு தாய், இரண்டு இல்லங்கள்

மருத்துவக் கல்லூரியில் பயின்றோர் 1923 இலேயே பழைய மாணவர் சங்கம் ஒன்றை அமைத்தனர். அக்காலத்தில் இந்நாட்டில் பயின்ற மருத்துவருக்கு ஐரோப்பிய மருத்துவரோடு சமமான பதவியும் இல்லை, ஊதியமும் இல்லை. தனித்து நின்று கேட்டால் காதில் விழாத குரல், சேர்ந்து நின்று கேட்டால் விழும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1954 இல் மலாயாப் பல்கலைக்கழகச் சங்கம் என்னும் பட்டதாரிகள் அமைப்பும் சிங்கப்பூரில் தோன்றியது. இன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகச் சங்கமாக விளங்குவது அதுவே.

பின்னர் நாடுகளின் வரலாறு மாறியது. 1959 இல் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பிரிவு, கோலாலம்பூர்ப் பிரிவு என இரண்டாயிற்று. 1962 ஜனவரி முதல் நாள் அவை தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. மலாயாப் பல்கலைக்கழகம் என்னும் பெயர் கோலாலம்பூரோடு நிலைத்தது. சிங்கப்பூரில் இருந்தது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது.

அதற்குமுன் பட்டம் பெற்றவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள்? இரண்டுக்கும் பிள்ளைகள் என்பதே விடை. 1953 இல் மருத்துவப் பட்டம் பெற்ற மகாதீர் முகமது மலேசியப் பிரதமர் ஆனார். இளமையில் பள்ளிப் படிப்பு தடைப்பட்டு, பின்பு முயன்று படித்து, 1954 இல் சமூகப் பணிக்கான பட்டயம் பெற்ற எஸ். ஆர். நாதன் என்னும் தமிழர், 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் அதிபராக விளங்கினார். ஒரே கழகத்தின் மாணவர் இருவர் இரண்டு நாடுகளின் உயர்ந்த இருக்கைகளில் அமர்ந்தனர்.

தமிழ் எங்கள் உயிர்

தமிழர் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்று 1950 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் முயற்சி நடந்தபோது, அத்துறையில் முதலிடம் சமஸ்கிருதத்துக்கா, தமிழுக்கா என்னும் கேள்வி எழுந்தது. இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழராயிருக்க, தமிழைப் பின்னுக்குத் தள்ளுவது முறையாகாது என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரலெழுப்பினார். அவர் குரலெழுப்பியதோடு நின்றுவிடவில்லை. துறைக்கு வேண்டிய தமிழ் நூல்களை வாங்குவதற்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் தொடங்கினார்.

அந்த நிதிக்குக் கொடுத்தவர் யார்? செல்வர் மட்டும் அல்லர். பால்மரம் சீவியவரும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் அன்றாடக் கூலியில் மிச்சம் பிடித்துச் சிறுசிறு தொகையாகக் கொடுத்தனர். தம் பிள்ளை தொடக்கப்பள்ளியைத் தாண்டுமா என்பதே அவர்களுக்கு ஐயம். பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கவேண்டும் என்பதில் மட்டும் அவர்களுக்கு ஐயமே இல்லை.

1956 இல் அத்துறை தொடங்கியது. பின்னர் கோலாலம்பூருக்கு மாறி இன்றும் அங்கே நடந்து வருகிறது. 1961 இல் தனிநாயக அடிகளார் அதன் தலைமையை ஏற்றார். அவர் காலத்தில், 1966 ஏப்ரல் மாதம், முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. 1987 இலும் 2015 இலும் அதே நகரில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடுகள் நடந்தன. அத்துறையில் பயின்றவர்கள் ஆசிரியராயும் விரிவுரையாளராயும் எழுத்தாளராயும் இதழாளராயும் பணிபுரிந்து வந்துள்ளனர். அவர்கள் புரட்டிய ஏடுகளுள் ஏதேனும் ஒன்றின் விலை, ஒரு பாட்டாளியின் ஒரு நாள் கூலியாக இருந்திருக்கும். இதனை நினைத்துப் பார்க்கும்போதுதான் ‘கடன்’ என்னும் சொல்லின் முழுப்பொருளும் நமக்கு விளங்குகிறது.

கழகம் மறைந்தும் மறையாத மாணவர்

பழைய மாணவர் தொடர்பு எத்துணை உறுதியுடையது என்பதற்கு நன்யாங் பல்கலைக்கழகம் சான்றாகும். சீன மொழியில் உயர்கல்வி அளிக்க ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1953 இல் டான் லார்க் சை முன்மொழிந்து, தாமே 50 இலட்சம் வெள்ளி தருவதாக அறிவித்தார். ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 523 ஏக்கர் நிலம் அளித்தது. மூவுருளி மிதிவண்டி ஓட்டுவோர்கூடத் தம் வருவாயைக் கொடுத்து உதவினர். 1956 இல் வகுப்புகள் தொடங்கின. ஆயினும் அங்குப் பெற்ற பட்டத்தைச் சிங்கப்பூர் அரசாங்கம் ஏற்றது 1968 இல்தான். அதுவரை வெளியேறிய பட்டதாரிகள் வேலைக்காகப் பட்ட துன்பம் கொஞ்சமன்று.

1980 இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் பிறந்தது. நன்யாங் பல்கலைக்கழகம் என்னும் பெயர் மறைந்தது. புதிய மாணவர் இனி வரப்போவதில்லை. ஆனால் பழைய மாணவர் கலைந்துபோகவில்லை. உலகின் பல நகரங்களில் கூடினர்; தம் கழகத்தின் வரலாற்றைத் தாமே எழுதினர். அந்தப் பழைய வளாகத்திலேயே 1981 இல் ஒரு தொழில்நுட்பக் கழகம் தோன்றி, 1991 இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1996 இல், மறைந்த பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் பட்டியல் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. வீடிழந்த குடும்பத்துக்கு மீண்டும் ஒரு முகவரி கிடைத்தது போன்றது அது. ஒரு பெயர்ப் பட்டியல் எவ்வளவு பெரிய செல்வம் என்பதை இதனால் அறியலாம்.

செய்யத்தக்கவை மூன்று

தமிழ்ப் பட்டதாரிகள் தம் கடனைத் தீர்க்கும் வழிதான் என்ன? செய்யத்தக்கவை மூன்று உண்டு.

முதலாவது, பட்டியல். எந்த ஆண்டில் யார் படித்தார், இன்று எங்கே இருக்கிறார் என்பதைத் துறைதோறும் தொகுத்து வைத்தல் வேண்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பொறுமை ஒன்றே தேவை. முதியோர் பலர் மறைந்து வருகின்றனர். அவர்கள் நினைவில் உள்ளவற்றை எழுதி வாங்கவும் ஒலிப்பதிவு செய்யவும் காலம் நீட்டித்தல் கூடாது.

இரண்டாவது, மூலநிதி. விருந்துக்குக் கொடுத்த பணம் அன்றிரவோடு தீர்ந்துவிடும். மூலநிதிக்குக் கொடுத்த பணமோ தீராது. ஐம்பது பட்டதாரிகள் ஆளுக்கு 1,000 வெள்ளி கொடுத்தால் 50,000 வெள்ளி சேரும். அதனை நல்ல முறையில் முதலீடு செய்து, நூற்றுக்கு நான்கு வீதம் வருவாய் கிடைத்தால், ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரும். அத்தொகை ஓர் ஏழை மாணவரின் நூற்செலவுக்கும் பயணச்செலவுக்கும் உதவும். முதலைத் தொடாமையே இதன் விதி. விலைவாசி ஏற ஏறப் பணத்தின் வலிமை குறையுமாதலால், வருவாயில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்த்து வருதலும் இன்றியமையாதது. இவ்விதி தவறிய நிதிகள் சில ஆண்டுகளிலேயே பெயரளவில் நின்றுவிடும்.

மூன்றாவது, நற்றாயின் வரலாறு. பல்கலைக்கழகங்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதிக்கொள்ளும். நூலகத்துக்கு நூல் வாங்கக் கொடுத்த எளிய மக்களின் வரலாற்றை எழுதவேண்டியவர் அந்நூல்களைப் படித்தவரே. தமிழ் முரசின் பழைய இதழ்கள் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் இன்று எவரும் காணக் கிடைக்கின்றன. ஆர்வமுள்ள பட்டதாரிகள் சிலர் ஆண்டுகளைப் பங்கிட்டுக்கொண்டு படித்தால், அந்த இயக்கத்தின் வரலாற்றை ஒழுங்குபடத் தொகுத்துவிடலாம். தம் குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் பெயர் அதில் வரக் காணும் மாணவருக்கு உண்டாகும் பெருமிதம், எந்த விருந்திலும் கிடைக்காது.

கடன் என்பது கடமை

தமிழில் கடன் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பிறரிடம் வாங்கியது கடன். செய்யவேண்டிய கடமையும் கடன். வாங்கியதை வாங்கியவரிடமே திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு பட்டதாரிகளுக்கு இல்லை. 1905 இல் கொடுத்தவர்கள் இன்றில்லை. 1950 ஆம் ஆண்டுகளில் தோட்டத்திலிருந்து கொடுத்தவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலராகவே இருப்பர். ஆகவே முன்னோரிடம் வாங்கியதைப் பின்னோருக்குக் கொடுத்தலே இக்கடனைத் தீர்க்கும் முறை.

அடுத்த ஒன்றுகூடலில் வருகைப் பதிவேட்டை மேசைமேல் வைக்கும்போது, அதன் அருகில் நிதிப் பேரேடு ஒன்றையும் வைத்துப் பாருங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை முன்னது சொல்லும். அவர்கள் எதற்காகக் கூடினார்கள் என்பதைப் பின்னது சொல்லும்.