நேரப் பணிகளும் வேண்டாத மின்னஞ்சல்களும்
குறித்த நேரத்திற் கணினிப் பணிகளை இயக்குவதற்கென யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளிற் பெருவழக்குப் பெற்றது, போல் விக்சி 1987இல் எழுதிய ‘கிரோன்’ நிரலாகும். பணியொன்று ஏதேனும் எழுத்தை வெளியிடின், அதனை உரியவருக்கு அஞ்சலாக்கி அனுப்புவது இதன் இயல்பு. ஐந்து நிமிடத்துக்கொருமுறை இயங்கும் பணி இவ்வாறு நாளொன்றுக்கு 288 அஞ்சல்களைக் குவித்துவிடும். அவற்றை எவர் வாசிப்பர்?

‘மெயில்டு’ என்னும் மாறிக்கு வெற்று மதிப்பளித்தால் யாவும் நின்றுவிடும். பலரும் கையாளும் இவ்வழியை நாம் ஏற்பதற்கில்லை. பிழைச் செய்தியும் உடனடங்கிவிடுவதால், நள்ளிரவுப் பிரதியெடுப்பு மாதக்கணக்கிற் தவறியமை தரவு அழிந்த பின்னரே தெரியவரும். வழமையான வெளியீட்டையும் பிழை வெளியீட்டையும் யுனிக்ஸ் வெவ்வேறு வழிகளாகப் பிரித்துள்ளமை இங்குதான் பயன்படுகின்றது. முன்னதை மட்டும் ‘டெவ் நல்’ என்னும் வெற்றுக்கோப்பிற்குத் திருப்பிவிடல் வேண்டும். பின்னது அஞ்சலாக வரும். பிழையையும் வழமையான வழியிலேயே கொட்டும் நிரல்களும் உள; அவற்றுக்கு இவ்வழி உதவாது.