'சலம் கிளியர்' என்றார்கள்

நாங்கள் லண்டனின் மேற்குப் பக்கத்தில் சாண்ட்விச் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவர்கள். எங்கள் லைனில் நிற்கும் பதினொரு பெண்களில் ஆறு பேர் எம்மவர். ரொய்லெற்றுக்குப் போவதென்றால் கையை உயர்த்திவிட்டு, சுப்பவைசர் மாற்றாள் போடும்வரை நிற்க வேண்டும். அந்தக் கரைச்சலுக்காகவே பாதிப்பேர் வேலை முடியும்வரை ஒரு மிடறு தண்ணீரும் குடிப்பதில்லை. சலக்கடுப்பு எங்களுக்குள் அடிக்கடி வருவதில் புதுமை ஒன்றும் இல்லை. ஊரில் என்றால் "உடம்புச்சூடு" என்று இளநீரோ பார்லித் தண்ணீரோ தருவார்கள். இங்கே சலத்தைச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். எங்களோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் அதை அறியாமல் பட்ட பாடு பெரிது.

அக்காவுக்கு இரண்டு நாளாக எரிவு. கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் சலம் போகிறது. பதினொரு வயது மகனைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனார். மாதிரி எடுக்க வேண்டும் என்றதும், சலம் வரட்டும் என்று இரண்டு போத்தல் தண்ணீர் குடித்தார். நேர்ஸ் ஒரு சோதனைக் கீற்றைத் தோய்த்துப் பார்த்தார். மகன், "அம்மா, கிளியராம். ஒண்டும் இல்லையாம்" என்றான். நான்காம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்பக்கம் நோ. அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. கட்டிலில் கிடந்துகொண்டு மகனைக் கேட்டார், "தம்பி, எரியுது எண்டு டொக்டரிட்டைச் சொன்னனீயோ?" அவன் தலையைக் குனிந்துகொண்டு, "வயித்து நோ எண்டு சொன்னனான்" என்றான். ஆம்பிளைப் பிள்ளை, வெட்கம். அவனில் பிழை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்தக் கீற்று எப்படி வேலை செய்கிறது என்று ஆஸ்பத்திரி நேர்ஸ் ஒருவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நாங்கள் ஓ.எல்.லோடு படிப்பை விட்டவர்கள், ஆனாலும் விளங்கியது. கீற்றில் சின்னச் சின்னக் கட்டங்கள் உண்டு. இந்த நோய்க்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று நைத்திரைற்றுக் கட்டம். சலத்தில் இயல்பாக இருக்கும் நைத்திரேற்றை ஈ. கோலை போன்ற கிருமிகள் நைத்திரைற்றாக மாற்றும். அது இருந்தால் கட்டம் இளஞ்சிவப்பாகும். ஆனால் அப்படி மாற்றக் கிருமிக்கு நேரம் வேண்டும். சலம் ஏறக்குறைய 4 மணித்தியாலமாவது சலப்பையில் தங்கியிருந்தால் நல்லது. கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் போகிற ஆளுக்கு அது எங்கே தங்கப் போகிறது? இரண்டு போத்தல் தண்ணீர் வேறு அதை ஐதாக்கிவிடும். அதோடு, நைத்திரைற்றை உண்டாக்காத கிருமிகளும் இருக்கின்றன. மற்றது வெண்குருதிக்கலங்களைக் காட்டும் கட்டம். உடம்பு கிருமியோடு சண்டை பிடிக்கும்போது அவை சலத்தில் வரும். வெள்ளைபடுதல் கலந்தாலும் அந்தக் கட்டம் நிறம் மாறலாம்.

ஆகவே எரிவும் இருந்து நைத்திரைற்றுக் கட்டமும் நிறம் மாறினால் கிருமி என்று பெரும்பாலும் நம்பலாம். மாறாவிட்டால் "கிருமி இல்லை" என்று அடித்துச் சொல்ல முடியாது. அக்காவின் கீற்று ஏன் ஒன்றும் காட்டவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் வெளித்தது.

இரண்டாவது சோதனை ஆய்வுகூடத்தில் நடப்பது. இதைக் 'கல்ச்சர்' என்கிறார்கள். ஒரு துளி சலத்தைக் கிருமி வளரும் தட்டில் தடவி, உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைப்பார்கள். முளைத்த புள்ளிகளை எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு மில்லிலீற்றருக்கு 100,000 கிருமிக்கு மேல் என்ற கணக்கு 1950களில் அமெரிக்க டொக்டர் எட்வேர்ட் காஸ் ஆராய்ந்து வைத்தது. எரிவு, காய்ச்சல் உள்ளவருக்கு அதற்குக் குறைந்த எண்ணிக்கையையும் இப்போது கணக்கில் எடுக்கிறார்கள். பிறகு அந்தக் கிருமியை எந்த அன்ரிபயோட்டிக் கொல்லும் என்றும் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று நாள் செல்லும். கீற்றுக்கு இரண்டு நிமிடம் போதும், ஆனால் எந்த மருந்து கேட்கும் என்று அது ஒருபோதும் சொல்லாது. அக்காவுக்கு முதல் ஏற்றிய மருந்துக்கு அந்தக் கிருமி மசியவில்லை என்று கல்ச்சர்தான் காட்டிக்கொடுத்தது. இந்த இரண்டு வேலையையும் முக்கால் மணித்தியாலத்துக்குள் முடிக்கும் ஒரு சுவீடன் கருவிக்கு 2024 யூனில் இங்கே 80 இலட்சம் பவுண் பரிசு கொடுத்தார்கள். எங்கள் டொக்டரிடம் அதைக் கண்டதில்லை.

கல்ச்சர் சரிவருவதும் பிழைப்பதும் நாங்கள் போத்தலில் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது. முதலில் வருவதைப் போகவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். போத்தலின் உட்பக்கத்தில் கை படக்கூடாது. சிவப்பு மூடிப் போத்தலுக்குள் இருக்கும் வெள்ளைத் தூளைக் கழுவி ஊற்றியவர்கள் எங்களுக்குள் உண்டு! அது கிருமி மேலும் பெருகாமல் வைத்திருக்கும் போரிக் அமிலம். கோடுவரை நிரப்புங்கள். உடனே கொடுக்க முடியாவிட்டால் பொலித்தீன் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 24 மணித்தியாலத்துக்குள் கொடுக்கலாம். மீன்குழம்புக்குப் பக்கத்தில் வைக்க மனம் வராதுதான். பல கிருமிகள் கலந்து முளைத்தால் மாதிரி அழுக்காகிவிட்டது என்று திரும்பவும் கேட்பார்கள்.

எல்லாருக்கும் கல்ச்சர் தேவையில்லை. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 தொடக்கம், 16 முதல் 64 வயது வரையான பெண்கள் டொக்டரிடம் போகாமலே பாமசியில் மருந்து பெறலாம். எரிவு, புதிதாக இரவில் எழும்பிச் சலம் போதல், சலம் கலங்கல் என்ற மூன்றையும் பாமசிக்காரர் கேட்பார். இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் கீற்றுக் கூட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. அவர்களின் சலம் கட்டாயம் ஆய்வுகூடம் போக வேண்டும். எரிவு இல்லாமல் கிருமி மட்டும் இருந்தாலும் அவர்களுக்கு மருந்து கொடுப்பார்கள். ஆண்களும் பிள்ளைகளும் டொக்டரிடமே போகவேண்டும். காய்ச்சல், நடுக்கம், முதுகு நோ வந்தால் யாராயிருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

வயதானவர்களின் விடயம் நேர்மாறு. லைனில் நிற்கும் இன்னொருவரின் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. கீற்று நிறம் மாறிவிட்டது என்று ஒரே வருடத்தில் மூன்று தரம் அன்ரிபயோட்டிக் கொடுத்து, வயிற்றோட்டம்தான் மிச்சம். வயது போனவர்கள் பலரின் சலப்பையில் கிருமி நோய் செய்யாமலே இருக்கும். அதனால் 65க்கு மேல் கீற்றை நம்பி மருந்து கொடுப்பதில்லை என்பது இங்கத்தைய விதி. எரிவு, காய்ச்சல் போன்ற குறிகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

டொக்டரிடம் போகும்போது "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள், காசு கேட்கமாட்டார்கள். பெண் வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்கள். கீற்றா கல்ச்சரா என்று கேளுங்கள். கீற்றுக் கிளியராக இருந்தும் எரிவு நிற்காவிட்டால், "ஆய்வுகூடத்துக்கு அனுப்புவீர்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அக்கா மூன்று கிழமைக்குப் பிறகு வேலைக்கு வந்தார். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கொண்டு நாங்கள் ஆறு பேரும் மனேஜரிடம் போனோம். தண்ணீர்ப் போத்தல் வைக்க லைன் முடிவில் ஒரு தட்டுத் தந்திருக்கிறார்கள். ரொய்லெற்றுக்குப் போக இன்னும் கையை உயர்த்தத்தான் வேண்டும்.