காமிராவும் கூடும்

கீழ்ப் பழனி மலையிலுள்ள ஆடலூருக்குச் சென்று, காப்பித் தோட்டத்து நிழல் மரங்களிலும் அடுத்துள்ள சோலைகளிலும் பட்சிகளைப் படம் பிடிக்கும் அன்பர்களின் ஆர்வத்தை நாம் போற்றுகிறோம். முற்காலத்தில் ஒரு பறவையை அறிய வேண்டின் அதைச் சுட்டு வீழ்த்துவதே வழக்கமாயிருந்தது. பழனி மலைச் சிரிப்பான் என்னும் பறவைக்கு 1869-இல் பிளான்போர்டு என்பார் பெயர் சூட்டியதும் அதன் உயிரற்ற உடலைக் கொண்டே. துப்பாக்கி இருந்த இடத்திற்குக் காமிரா வந்தது பெரும் புண்ணியம்.

ஆயினும் அப்புண்ணியத்தைக் கெடுக்கும் இரு வழக்கங்கள் இன்று பரவியுள்ளன. பறவையின் குரலைப் பதிவு செய்து கருவியில் ஒலிக்கச் செய்தால், தன் எல்லைக்குள் எதிரி புகுந்ததென்று எண்ணி, ஆண் பறவை இரையையும் துணையையும் விட்டு ஓடிவருகிறது. படம் தெளிவாக விழ வேண்டுமென்று கூட்டை மறைக்கும் தழையை ஒடித்தாலோ, குஞ்சு வெயிலுக்கும் காக்கைக்கும் இலக்காகிறது.

நம் மா. கிருஷ்ணன் (1912–1996) நடந்தும் யானை மீதேறியும் காடுகளில் காத்திருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், பொறுமை எவ்வளவு சாதிக்கும் என்பதற்குச் சான்று. ஆடலூர் செல்வோர் குரல் ஒலிப்பதை அறவே விடவும், கூடு கண்டவுடன் விலகிப் போகவும் உறுதி கொள்ளுமாறு வேண்டுகிறோம்.